வரி நோட்டில் யார் பெயர்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு இருபது நாள் இருக்கும்போதே பெரியப்பா நீள நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கரையோர ஊர் எங்களுடையது. நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. அடுத்த பக்கத்திலிருந்து தலைக்கட்டுகளின் பெயர், எதிரே வரித்தொகை, அதற்கும் எதிரே வரவு வைத்த தேதி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கடலுக்குப் போகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறவர், சவூதியில் இருக்கிறவர் எல்லோருக்கும் ஒரே தொகைதான். புருஷனை இழந்த பெண்களுக்கு அரை வரி. பந்தல், மேளம், மைக்செட், அபிஷேகம் எல்லாவற்றுக்கும் போக, அந்தப் பணத்தில் பெரிய பங்கு நாடகத்துக்குத்தான்.

ஒரு வருஷம் தெருக் கடைசி வீட்டு அப்பத்தா வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த நோட்டுகளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பெரியப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, ஒனக்கு அரை வரிதான். கூட இருக்கு" என்றார். "தெரியும்யா. முழு வரியா எழுது. நான் என்ன பாதி நாடகத்தையா பாக்குறேன்?" என்றார் அப்பத்தா. செத்துப்போன தாத்தாவின் பெயருக்கு எதிரே இருந்த தொகையைத் திருத்தப் போனார் பெரியப்பா. அதையும் அப்பத்தா விடவில்லை. "அவரு பேரை அடி. எம்பேரை எழுது."

கலையை யார் தாங்குகிறார்கள் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். ஆப்பராவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதும் அப்படித்தான். ஆப்பரா என்றாலே கோட்டு சூட்டு, வைர நெக்லஸ், வெல்வெட் நாற்காலி என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. பிறவியிலேயே அது பணக்காரக் கலை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கதை பெரும்பாலும் பாட்டாலேயே நடக்கிற நாடகம், அவ்வளவுதான். நம் இசைநாடகத்துக்கு அண்ணன் தம்பி முறை. வர்க்கம் அதன்மேல் ஏறியது காசு வசூலான விதத்தில். அந்த விதம் மாறிய ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் உட்கார்ந்த ஆளும் மாறியிருக்கிறார்.

ஆப்பரா பிறந்தது இத்தாலியில், 1600-ஐ ஒட்டி. அந்த வருஷம் மெடிசி குடும்பத்து மரியாவுக்கும் பிரான்ஸ் ராஜாவுக்கும் நடந்த கல்யாணக் கொண்டாட்டத்தில் ஃப்ளோரன்ஸ் நகரில் 'யூரிடிசே' அரங்கேறியது. 1607-ல் மாந்துவா அரண்மனையில் மொன்தவெர்தி இசையமைத்த 'ஆர்ஃபியோ'. இரண்டும் ஒரே கதைதான். செத்த மனைவியைத் திரும்பக் கேட்டு, பாட்டையே துணையாகக் கொண்டு எமலோகம் வரை போகிற புருஷனின் கதை. எங்கள் ஊர் மேடையில் சாவித்திரி எமனோடு விடிய விடிய வாதாடிப் புருஷனை மீட்டு வருவதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாந்துவாவில் அதைப் பார்த்தவர்கள் அரண்மனைக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டும். செலவு ராஜாவுடையது, ஆகவே சபையும் ராஜாவுடையது.

அப்புறம் 1637-ல் வெனிஸில் சான் கசியானோ என்ற அரங்கம் டிக்கெட் போட்டுத் திறந்தது. காசு கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி அரங்கம் ஓடாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. சுற்றிலும் அடுக்கடுக்காகக் கட்டிய பாக்ஸ்களை, அதாவது ஒரு குடும்பம் தனியாக உட்கார்ந்து பார்க்கும் சின்ன அறைகளை, பெரிய குடும்பங்களுக்கு வருஷ வாடகைக்கு விட்டார்கள். நிலையான வருமானம் அங்கிருந்துதான் வந்தது. மிலானில் பழைய அரங்கம் 1776-ல் எரிந்தபோது, அங்கே பாக்ஸ் வைத்திருந்த குடும்பங்கள்தான் செலவை ஏற்றுப் புதிய அரங்கத்துக்கு வழி செய்தன. அதுதான் 1778-ல் திறந்த லா ஸ்காலா. பாக்ஸ் அந்தக் குடும்பங்களுக்குச் சொத்து மாதிரி. நம் பக்கத்துத் தேர்த் திருவிழாவில் மண்டகப்படி உரிமை வழிவழியாக வருவதை நினைத்துக்கொண்டால் சரியாகப் புரியும்.

அதே லா ஸ்காலாவின் உச்சி மாடத்தில் இன்னொரு கூட்டம் உட்காரும். மலிவு டிக்கெட், நெருக்கடி. பாட்டின் நுணுக்கம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று இத்தாலிக்காரர்களே சொல்வார்கள். 2006 டிசம்பரில் வெர்டியின் 'ஐடா' நடந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து எழுந்த கூச்சலைத் தாங்காமல் ரொபெர்த்தோ அலான்யா என்ற புகழ்பெற்ற பாடகர் பாதியிலேயே மேடையை விட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து மேடைக்கு நேர் முன்னால் உட்காரும் பெரியவர்களும் அந்த ரகம்தான். விருத்தத்தில் ஒரு வரி விட்டுப்போனால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். "தம்பி, அடுத்த அடியைப் பாடு" என்று கீழேயிருந்து குரல் வரும். நடிகரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அந்த அடியைப் பாடுவார். அந்தப் பெரியவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

காசு வாங்கும் விதத்தை மாற்றினால் ஜனங்கள் எவ்வளவு கோபப்படுவார்கள் என்பதற்கு லண்டன் சாட்சி. காவன்ட் கார்டன் அரங்கம் 1808-ல் எரிந்து, 1809 செப்டம்பரில் மறுபடி திறந்தது. கட்டிய செலவை எடுக்கக் கீழ்த்தளத்து டிக்கெட்டை மூன்றரை ஷில்லிங்கிலிருந்து நாலு ஷில்லிங் ஆக்கினார்கள். கூடவே ஒரு மாடம் முழுவதையும் தனியார் பாக்ஸ்களாக அடைத்து, வருஷக் குத்தகைக்குப் பெரிய மனிதர்களிடம் கொடுத்துவிட்டார்கள். 67 இரவு கலாட்டா நடந்தது. ஜனங்கள் நாடகத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாடினார்கள், தகரத்தைத் தட்டினார்கள், பழைய விலை வேண்டும் என்று பதாகை பிடித்தார்கள். அங்கே பாட ஒப்பந்தமான இத்தாலியப் பாடகி கதலானியின் பெரிய சம்பளமும் அவர்கள் கோபத்தில் சேர்ந்துகொண்டது. கடைசியில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, கீழ்த்தள விலையைப் பழையபடி ஆக்கி, தனியார் பாக்ஸ்களையும் குறைத்தது. அரை ஷில்லிங்குக்காகவா மூன்று மாசம் சண்டை என்று தோன்றலாம். அதுவரை பொதுவாக இருந்த இடத்தைத் தடுப்புப் போட்டுச் சிலருக்குக் கொடுத்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நியூயார்க்கில் கதை தலைகீழ். 1854-ல் திறந்த அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கத்தில் பாக்ஸ்கள் கொஞ்சம்தான். அவை பழைய குடும்பங்களின் கையில். ரயிலிலும் பங்குச் சந்தையிலும் புதிதாகக் கோடீஸ்வரர் ஆன வாண்டர்பில்ட் போன்றவர்கள் பணத்தோடு போய் நின்றும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் கூடித் தங்களுக்கென்றே ஓர் அரங்கம் கட்டினார்கள். 1883-ல் திறந்த மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அதுதான். மூன்று வருஷத்தில் அகாடமி ஆப்பரா நடத்துவதை நிறுத்திக்கொண்டது. ஆப்பராவின் மேல் நாம் இன்று பார்க்கும் வைர மினுமினுப்பு பெரும்பாலும் அந்தக் காலத்து பாக்ஸ் போட்டியில் வந்தது. அதே நூற்றாண்டில் இத்தாலியில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்த வெர்டியின் பாட்டைத் தெருவில் கைப்பிடி சுற்றி இசைப்பெட்டி வாசிக்கிறவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

சரி, நம் கரைக்கு வருவோம்.

இங்கேயும் முதலில் ராஜாதான். பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தான வித்வான். அவரிடம் குருகுலவாசம் செய்தவர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று சபாக்களில் நாம் கேட்கிற கச்சேரியின் அமைப்பை வகுத்தவர் என்று கொண்டாடப்படுகிறவர். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியின் கொடை பெரிது. விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணை நின்றார், 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது ஆதரித்தார். அள்ளிக் கொடுத்துக் கடனில் மூழ்கி, 1903-ல் 35 வயதில் இறந்துபோனார். ஒருவர் கையை மட்டும் நம்பியிருக்கிற கலைக்கு அந்த ஒருவரின் கடனும் ஆயுளும்தான் எல்லை. 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தக் கையும் மடங்கியது. சங்கீதம் சென்னைக்கு ரயில் ஏறி, சபா சந்தாவிலும் வானொலிச் சம்பளத்திலும் பிழைத்துக்கொண்டது.

கீழக்கரை வியாபாரிகளையும் சொல்லாமல் விடக்கூடாது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் வாய் ஓயாமல் சொல்கிற அந்த வள்ளல் இந்தக் கரைக்காரர். உமறுப்புலவர் 5,000 பாட்டுக்கு மேல் பாடிய சீறாப்புராணம் அவர் ஆதரவில் தொடங்கி, அவர் மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவில் தொடர்ந்தது என்பார்கள். கப்பல் வைத்திருந்தவர் கை மாறியும் காவியம் நிற்கவில்லை.

ஆனால் ராஜாவும் மரைக்காயரும் தாங்கியது ஒரு பக்கம். ஊர் தாங்கியது இன்னொரு பக்கம். அதற்கு அரண்மனை ஏட்டில் கணக்கு இருக்காது, வரி நோட்டில்தான் இருக்கும். கரையோரத் தேவாலயத் திருவிழாக்களில் போடுகிற நாடகத்துக்கும் மீன் ஏலத்தில் ஊர்ப்பொதுவுக்கு ஒதுக்குகிற பங்குதான் கை கொடுக்கும்.

நாங்கள் பார்ப்பது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியும் செப்பனிட்டும் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் போன்றவை. சுவாமிகள் காலத்தில் கம்பெனிகளும் பாய்ஸ் கம்பெனிகளும் இருந்தன. முதலாளி ஒருவர், அவர் கீழே நடிகர்கள், தினம் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளியே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து, ஆர்மோனியம் வேறெங்கிருந்தோ. சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணி, விடியும்போது கல்யாணம் முடிந்துவிடும்.

இது கலை முறை மட்டுமில்லை, செலவுக் கணக்கும்தான். 1966-ல் பாமல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் மேடைக் கலைகளின் பணக் கஷ்டத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எங்கள் பக்கத்து உதாரணத்தில் சொல்கிறேன். வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய் வந்த கடலுக்கு விசைப்படகு வந்தது, ஒரு ஆள் பிடிக்கிற மீன் பல மடங்கு ஆயிற்று. பரமக்குடியில் கைத்தறியில் ஒரு சேலை நெய்கிற நேரத்தில் விசைத்தறி எத்தனையோ சேலை நெய்துவிடும். ஆனால் வள்ளி திருமணத்துக்கு அன்றும் ஒரு ராத்திரி, இன்றும் ஒரு ராத்திரி. ஆர்மோனியத்துக்கு அன்றும் ஒரு ஆள், இன்றும் ஒரு ஆள். மற்ற தொழில்களில் உற்பத்தி ஏறக் கூலியும் ஏறும், மேடைக்காரரும் அதே விலைவாசியில்தான் அரிசி வாங்க வேண்டும். ஆகவே மேடைக் கலையின் செலவு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும், டிக்கெட் அதை எட்டிப் பிடிக்காது. ஆப்பராவில் இது இன்னும் பெரிய தொகை. வாத்தியக்காரர்களே அறுபது எழுபது பேர், அப்புறம் குழுப்பாடகர்கள், நடனம், அரங்கப் பொருட்கள்.

அந்த இடைவெளியை யார் நிரப்புவது? ஒவ்வொரு நாடும் ஒரு வழி பிடித்திருக்கிறது. ஜெர்மனி பல சிறு ராஜ்யங்களாக இருந்த நாடு, ராஜாவுக்கு ஒரு அரங்கம். 1918-ல் ராஜாக்கள் போனதும் அந்த அரங்கங்களை மாநிலங்களும் நகராட்சிகளும் எடுத்துக்கொண்டன. இன்றும் அங்கே சுமார் 80 ஆப்பரா அரங்கங்கள் பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கின்றன. டிக்கெட் வசூல் செலவில் சிறு பங்குதான். அமெரிக்காவில் பணக்காரர்கள் நன்கொடை கொடுப்பார்கள், அரசு அதற்கு வருமானவரிச் சலுகை கொடுக்கும். இங்கிலாந்தில் 1946-ல் கலைகளுக்கென்று ஒரு கவுன்சில் அமைத்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு ஆங்கிலத்திலேயே ஆப்பரா பாடிக்காட்ட வேண்டும் என்று வளர்ந்த இங்கிலிஷ் நேஷனல் ஆப்பராவை 2022 நவம்பரில் அந்த கவுன்சில் தன் வழக்கமான மானியப் பட்டியலிலிருந்து எடுத்து, லண்டனை விட்டு வெளியே போகச் சொன்னது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு கொஞ்சம் பணம் திரும்ப வந்தது, மான்செஸ்டருக்குப் போவதாகவும் முடிவாயிற்று. எளியவர்களுக்கென்று தொடங்கிய அரங்கத்தின் மேலேயே கத்தி விழுந்தது எனக்கு ஆறவில்லை.

எங்கள் கரையில் அந்த இடைவெளியை நிரப்புவது நடிகர்கள். ஒத்திகைச் செலவு இல்லை, கம்பெனிச் செலவு இல்லை, அரங்க வாடகை இல்லை என்று ஸ்பெஷல் நாடகம் எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டது. மிச்சப்பட்ட தொகை ஊருக்கு லாபம். ஆனால் மழைக்காலத்தில் வேலை இல்லாத மாசங்களும், வட்டிக்கு வாங்கிய கடனும், உடம்பு முடியாத நாட்களும் அவரவர் தலையில். பங்குனியிலிருந்து ஆடி வரை சம்பாதிப்பதை வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். 2020-ல் ஊரடங்கு சரியாகப் பங்குனியில் விழுந்தது. திருவிழா நின்றது, வருஷம் முழுவதும் நின்றது. அரசிடம் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, 2007-ல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் இருக்கிறது. எங்கள் ஊரில் சிமெண்டு மேடையும் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் வந்ததுதான். அதன்மேல் ஏறி நின்று பாடுகிறவருக்கு மட்டும் ஊர்க் காசு.

மரியாதையிலும் இந்தக் கணக்கு தெரியும். 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கிற நுணுக்கம், அதில் பேசாது, சுருதி நம் இசைக்குப் பொருந்தாது என்று காரணம் சொன்னார்கள். இசை அறிந்தவர்கள் சொன்ன காரணம்தான், தள்ளிவிட முடியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேல் நீடித்த அந்தத் தடையில் நாடக மேடையின் உயிரான பெட்டி தாழ்ந்த வாத்தியம் என்று முத்திரை விழுந்துபோயிற்று. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கூட்டத்தைக் கட்டிப்போட்டது அந்தப் பெட்டி போட்ட சுருதியில்தான். இன்றும் ஊரை விட்டுப் படிக்கப் போன பிள்ளைகள் 'கூத்தாடி' என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு நெஞ்சு எரியும்.

வரி நோட்டைப் பற்றிப் பெருமையாகவே சொல்லிவிட்டு அதன் மறுபக்கத்தை மறைத்தால் பொய் சொன்னவன் ஆவேன். எங்கள் நோட்டில் சில தெருக்களின் பெயர் கிடையாது. அவர்கள் தர மறுத்ததால் இல்லை, வாங்க மறுத்ததால். திருவிழாவுக்கு அவர்கள் கையால் பறை வேண்டும், பந்தலுக்கு அவர்கள் குழி தோண்ட வேண்டும், நாடகத்தை ஓரமாக நின்று பார்க்கலாம். வரி மட்டும் வாங்க மாட்டார்கள். வாங்கிவிட்டால் அவர்களும் ஊர் ஆகிவிடுவார்களே. பாக்ஸ் கிடைக்காத வாண்டர்பில்ட் தனக்கென்று அரங்கம் கட்டிக்கொண்டார். அந்தத் தெருவில் நின்ற என் பள்ளிக்கூடச் சிநேகிதன் என்ன செய்வான்? "எங்க அப்பா மூணு தடவை வரி எடுத்துட்டுப் போனாருடா" என்று அவன் ஒரு நாள் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலுக்குத்தான் இவ்வளவு எழுதுகிறேனோ என்னவோ.

இப்போது நோட்டே மெலிந்துவருகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற ஒருவர் நாடகச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்கிறார். 'நாடக உபயம்' என்று நோட்டீஸில் பெரிய போட்டோ. நடிகர்கள் படம் அதற்குக் கீழே சின்னதாக. அவர்கள் மனசைக் குறை சொல்ல மாட்டேன். பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசை ஊர்ப் பாட்டுக்குக் கொடுக்கிறவரை என்ன சொல்ல முடியும்? ஆனால் போன வருஷம் எந்த நாடகம் போடுவது என்று கோயில் வாசலில் கூடிப் பேசவில்லை. போனில் அவர் சொன்னார், வைத்தார்கள். நடுவில் மேடையை நிறுத்தி அவருக்குச் சால்வை போட்டதில் முக்கால் மணி நேரம் போயிற்று, தர்க்கம் பாதியாகக் குறைந்தது. முன்னால் பாய் போட்டிருந்த பெரியவர்கள் ஒருவரும் "அடுத்த அடியைப் பாடு" என்று கேட்கவில்லை.

விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். ராஜபார்ட் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் முருகன், பாதி முகம் ஐம்பது வயசு மனிதர். முன்பெல்லாம் கமிட்டிக்காரர்கள் பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கசங்கிய நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி முடிக்கவே அரைமணி நேரம் ஆகும். இந்தத் தடவை போனில் பணம் வந்துவிட்டது. அவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடைசி வீட்டுல ஒரு ஆத்தா இருந்தாங்களே, முன்னால உக்காந்து கூடவே பாடுவாங்க. அவங்க வரலையா?" என்று கேட்டார்.

"போன ஐப்பசியில தவறிப்போச்சுண்ணே."

பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் முதுகுளத்தூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அன்று ராத்திரி அவருக்கு அங்கே பவளக்கொடி.